'செக்கோ' இனிக்குமா? இத்தாலிய ஒயின் சொற்களுக்கு ஓர் அறிமுகம்

கடை அலமாரியில் இரண்டு இத்தாலிய ஒயின் பாட்டில்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. ஒன்றின் பெயர் 'மோந்தெபுல்ச்சானோ தப்ரூத்ஸோ'. இன்னொன்று 'வீனோ நோபிலே தி மோந்தெபுல்ச்சானோ'. இரண்டிலும் அதே நீளச் சொல் இருப்பதால் அண்ணன் தம்பி என்றுதான் யாருக்கும் தோன்றும். உண்மையில் ஒட்டுமில்லை, உறவுமில்லை. முதல் பாட்டிலில் மோந்தெபுல்ச்சானோ என்பது திராட்சை வகையின் பெயர். இத்தாலியின் கிழக்குக் கரையோரம் அப்ரூத்ஸோ பகுதியில் விளைவது. இரண்டாவதில் அது டஸ்கனியில் ஒரு குன்றின் மேல் இருக்கும் ஊர். அந்த ஊர்க்காரர்கள் ஒயின் செய்வது பெரும்பாலும் சாஞ்சொவேஸே என்ற வேறொரு திராட்சையில். இந்தக் குழப்பம் தீராததால் வீனோ நோபிலே தயாரிப்பாளர்கள் சில ஆண்டுகளாக லேபிளில் 'தொஸ்கானா' (டஸ்கனி) என்று மாநிலப் பெயரையும் சேர்த்துப் போடுகிறார்கள்.

புதிதாக வருபவர்கள் இந்த லேபிள்களில் தடுமாறுவதற்கு மொழி தெரியாதது பாதிக் காரணம். மீதிக் காரணம், அதில் இருக்கும் சொற்களெல்லாம் சுவையைப் பற்றிப் பேசுகின்றன என்று எடுத்துக்கொள்வது. பல சொற்கள் சுவையைப் பற்றி வாயே திறப்பதில்லை. எந்த ஊர், என்ன திராட்சை, எவ்வளவு காலம் பக்குவப்பட்டது, எந்த முறையில் செய்தது, யார் செய்தது என்ற கேள்விகளில் ஏதோ ஒன்றுக்குத்தான் ஒவ்வொரு சொல்லும் பதில் சொல்கிறது. எந்தச் சொல் எந்தக் கேள்விக்கு என்று பிடிபட்டுவிட்டால் அகராதியைத் தேடவேண்டியதில்லை. சிக்கல் எங்கே என்றால், ஒரே சொல் வேறு இடத்தில் நிற்கும்போது வேறு கேள்விக்குப் பதிலாகிவிடும். அப்படிப்பட்ட சொற்களிடம்தான் இங்கே கொஞ்சம் அதிக நேரம் நிற்கப்போகிறோம்.

வாசிக்கும் விதம்

தமிழ் படித்தவர்களுக்கு இத்தாலிய உச்சரிப்பில் சில சௌகரியங்கள் உண்டு. அவர்களுடைய 'டி' (t) எழுத்து நம் 'த' போலவே பல்லில் நாக்கு பட ஒலிக்கும். ஆகவே 'கியாண்டி' என்பதைவிட 'கியாந்தி' பொருத்தம். ஒரு மெய்யெழுத்து இரண்டு முறை எழுதப்பட்டிருந்தால் அழுத்தி இரட்டித்துச் சொல்லவேண்டும்: செக்கோ, புருனெல்லோ, ரோஸ்ஸோ. ஆங்கிலேயருக்கு வராத 'ஞ்ஞ' ஒலி நமக்குத் தானாக வரும். 'ஜி'யும் 'என்'னும் சேர்ந்து வரும் இடத்திலெல்லாம் அதுதான். திராட்சைத் தோட்டத்தைக் குறிக்கும் சொல் 'விக்னா' இல்லை, 'வீஞ்ஞா'.

'சி' (c) எழுத்துதான் ஏமாற்றும். அடுத்து 'ஐ' (i) அல்லது 'ஈ' (e) எழுத்து வந்தால் 'ச்ச' ஒலி. நடுவில் 'ஹெச்' புகுந்தால் 'க'. அதனால்தான் கியாந்தி. சொல்லின் கடைசியில் நிற்கும் 'ஈ' (e) எழுத்தை விழுங்கக் கூடாது: அமரோனே, சொவாவே, நோபிலே.

ஊரா, திராட்சையா?

பெயர் வைப்பதில் இத்தாலியில் இரண்டு வழக்கங்கள் கலந்து கிடக்கின்றன. வெறும் இடப்பெயரை வைப்பது ஒன்று: பரோலோ, கியாந்தி, சொவாவே, காவி, தவ்ராஸி. எல்லாமே நிலப்படத்தில் இருக்கும் இடங்கள். திராட்சையின் பெயரை லேபிளில் தேடினாலும் கிடைப்பது அரிது; குடிப்பவருக்குத் தெரிந்திருக்கும் என்பது அவர்கள் கணக்கு. பரோலோ என்றால் நெப்பியோலோ திராட்சை. சொவாவே என்றால் பெரும்பகுதி கார்கானெகா. காவி என்றால் கொர்தேஸே. தவ்ராஸி என்றால் கம்பானியா மாநிலத்து ஆல்யானிகோ.

(கம்பானியா நமக்கு அவ்வளவு அந்நியமான இடமும் இல்லை. புதுச்சேரிக்குப் பக்கத்து அரிக்கமேட்டில் தோண்டியெடுத்த ரோமானிய மதுச்சாடி உடைசல்களில் கம்பானியாவில் வனைந்தவையும் இருக்கின்றன.)

திராட்சையையும் ஊரையும் சேர்த்துச் சொல்வது இன்னொரு வழக்கம். 'பார்பெரா தாஸ்தி' என்றால் ஆஸ்தி வட்டாரத்துப் பார்பெரா திராட்சை. 'ஆல்யானிகோ தெல் வுல்தூரே' என்றால் வுல்தூரே என்ற அணைந்த எரிமலையின் பக்கத்தில் விளைந்த ஆல்யானிகோ. நடுவில் வரும் 'தி', 'தெல்', 'தெல்லா' என்ற துண்டுகள் 'இன்னாருடைய', 'இன்ன இடத்து' என்று பொருள் தருபவை. அவற்றுக்குப் பின்னால் வருவது அநேகமாக இடம். முன்னால் வருவது அநேகமாகத் திராட்சை. 'அநேகமாக' என்று இரண்டு முறை போட்டிருப்பது காரணமாகத்தான். 'வீனோ நோபிலே' என்பது திராட்சையே இல்லை, 'உயர்குடி ஒயின்' என்ற பட்டம். 'நேரோ தாவோலா' என்பதில் ஆவோலா சிசிலியில் இருக்கும் ஊர்தான். ஆனால் முழுச் சொல்லும் சேர்ந்தே ஒரு கறுப்புத் திராட்சையின் பெயராகிவிட்டது. சிசிலி முழுக்க அதைப் பயிரிடுகிறார்கள்.

ஒரே திராட்சைக்கு ஊருக்கு ஒரு பெயரும் உண்டு. சாஞ்சொவேஸே மோந்தால்சீனோவில் புருனெல்லோ, மோந்தெபுல்ச்சானோவில் புருஞ்ஞோலோ ஜென்தீலே, ஸ்கன்ஸானோவில் மொரெல்லீனோ. நெப்பியோலோவை வடக்கே வால்தெல்லீனா பள்ளத்தாக்கில் கியாவென்னாஸ்கா என்பார்கள். தலைகீழாகவும் நடக்கும்: திரெப்பியானோ என்ற ஒரே பெயரில் சம்பந்தமில்லாத பல வெள்ளைத் திராட்சைகள் உலவுகின்றன. 'திரெப்பியானோ தி சொவாவே'யை மரபணுச் சோதனை செய்து பார்த்ததில் அது வெர்திக்கியோ என்ற வேறு பெயரில் பிரபலமான திராட்சை என்று தெரிந்தது. திரெப்பியானோ என்ற சொல்லை மட்டும் நம்பி எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

இந்த ஊர்-திராட்சை விவகாரத்தில் சுவாரஸ்யமான வழக்கு புரொசெக்கோ என்ற குமிழியொயினுடையது. 2009 வரை புரொசெக்கோ ஒரு திராட்சையின் பெயர். திராட்சையின் பெயருக்கு யாரும் உரிமை கொண்டாட முடியாது. ஆஸ்திரேலியாவில் நட்டாலும் அது அதே திராட்சைதான், அதே பெயரை லேபிளில் போடலாம். ஊர்ப்பெயர் என்றால் சட்டப் பாதுகாப்பு கிடைக்கும். திரியெஸ்தே நகரத்தின் அருகில் புரொசெக்கோ என்று ஒரு சிற்றூர் இருந்தது வசதியாகப் போயிற்று. அந்த ஊரையும் உள்ளடக்கி, வெனெதோ, ஃபிரியூலி என்ற இரண்டு வடகிழக்கு மாநிலங்களில் பரந்து கிடக்கும் ஒரு வட்டாரத்தை வரைந்தார்கள். திராட்சைக்கு 'கிளேரா' என்ற பழைய மாற்றுப்பெயரைச் சூட்டினார்கள். ஒரே நாளில் திராட்சை ஊராகிவிட்டது. ஆஸ்திரேலியர்கள் இன்றுவரை இதை ஒப்புக்கொள்ளாமல் தங்கள் பாட்டில்களில் புரொசெக்கோ என்றே போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

டிஓசி, டிஓசிஜி, ஐஜிடி

புவிசார் குறியீடு தெரிந்தவர்களுக்கு இது எளிது. பழனி பஞ்சாமிர்தம் என்ற பெயரை வேறு ஊரில் செய்தவர் டப்பாவில் போட்டுக்கொள்ள முடியாது, இல்லையா? 1963-இல் இத்தாலி கொண்டுவந்த டிஓசி ('கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட பிறப்பிடப் பெயர்') சட்டம் அதே வேலையை இன்னும் கறாராகச் செய்கிறது. ஒவ்வொரு டிஓசிக்கும் 'திஷிப்ளினாரே' என்று ஒரு விதிப்புத்தகம் உண்டு. எல்லை எதுவரை, எந்தத் திராட்சை எத்தனை சதவீதம், ஹெக்டேருக்கு அதிகபட்ச மகசூல் எவ்வளவு, எத்தனை மாதம் வைத்திருந்து விற்கவேண்டும் என்று எல்லாம் அதில் இருக்கும். முதல் டிஓசி 1966-இல் சான் ஜிமிஞ்ஞானோ ஊரின் வெள்ளை ஒயினான வெர்னாச்சாவுக்குக் கிடைத்தது. பிறகு டிஓசிகள் பெருகிப்போனதால் மேலே இன்னொரு படி தேவைப்பட்டது. அதுதான் டிஓசிஜி, கடைசி எழுத்து 'கரந்தீதா', அதாவது 'உத்தரவாதத்துடன்'. 1980-இல் தொடங்கிய அந்த வரிசையில் முதலில் நுழைந்தவற்றில் புருனெல்லோ தி மோந்தால்சீனோவும் பரோலோவும் உண்டு. இன்று டிஓசிஜி எழுபதுக்கும் மேல். டிஓசிஜி பாட்டிலின் கழுத்தில் எண்ணிட்ட அரசாங்கப் பட்டை ஒட்டியிருக்கும்; கடையில் தூரத்திலிருந்தே கண்ணில் படும்.

இதைத் தரவரிசை ஏணி என்று நினைப்பது புதியவர்கள் பெரும்பாலும் செய்வது. சட்டம் உத்தரவாதம் தருவது விதிப்படி செய்யப்பட்டது என்பதற்கு. விதி நல்ல விதியா என்பது வேறு கேள்வி. இதைப் புரிந்துகொள்ள டஸ்கனியில் 1960-70களில் நடந்த கலகத்தைப் பார்க்கவேண்டும்.

1967-இல் கியாந்திக்கு டிஓசி கொடுத்தபோது, அந்தச் சிவப்பு ஒயினில் குறைந்தது பத்து சதவீதம் வெள்ளைத் திராட்சை கலந்தே ஆகவேண்டும் என்று விதி வைத்தார்கள். வெள்ளைத் திராட்சை நிறைய விளைந்தது, அதை விற்றாகவேண்டும். விதியும் அதற்கு ஏற்ப அமைந்தது. ஒயின் நீர்த்துப்போனது. அந்தினோரி குடும்பம் தங்கள் திஞ்ஞானெல்லோ ஒயினை 1971 விளைச்சல் முதல் கியாந்தி என்ற பெயரே இல்லாமல் 'வீனோ தா தாவொலா', அதாவது சாதாரணச் சாப்பாட்டு ஒயின் என்ற கடைசிப் படியில் விற்றது. கடலோரம் போல்கெரியில் மாரியோ இஞ்சீஸா தெல்லா ரோக்கெத்தா வேறொரு மீறல் செய்தார். டஸ்கனி மண்ணில் பிரெஞ்சுத் திராட்சையான கபர்நே சொவிஞ்ஞோனை நட்டு எடுத்த சஸ்ஸிகாயா, 1968 விளைச்சலிலிருந்து விற்பனைக்கு வந்தது. அதுவும் சட்டப்படி சாதாரணச் சாப்பாட்டு ஒயின்தான். விலையோ டிஓசிகளைத் தாண்டிப் பறந்தது. வெளிநாட்டு எழுத்தாளர்கள் இவற்றுக்குச் 'சூப்பர் டஸ்கன்' என்று பெயர் வைத்தார்கள். இந்தச் சொல் எந்த லேபிளிலும் சட்டப்பூர்வமாக இருக்காது, பேச்சில் மட்டும் இருக்கும்.

நாட்டின் விலை உயர்ந்த ஒயின்கள் கடைசிப் படியில் கிடப்பது அரசாங்கத்துக்கு அவமானம். 1992 சட்டத்தில் ஐஜிடி என்ற நடுப்படி வந்தது: இடத்தைச் சொல்லலாம், திராட்சை விதிகள் தளர்வு. 'தொஸ்கானா ஐஜிடி' என்று போட்ட பாட்டில் பத்து யூரோவுக்கும் இருக்கும், நூறு யூரோவுக்கு மேலும் இருக்கும். சஸ்ஸிகாயா கடைசியில் தனக்கென்றே ஒரு டிஓசி வாங்கிக்கொண்டது. கியாந்தி கிளாஸிகோ 2006 விளைச்சல் முதல் வெள்ளைத் திராட்சையைத் தடையே செய்துவிட்டது. சட்டம் குடிப்பவர்களுக்குப் பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு ஓடிவந்த கதை இது. அதனால் ஐஜிடி என்று பார்த்தவுடன் 'மட்டம்' என்று ஒதுக்குவதும் டிஓசிஜி என்றதும் கண்ணை மூடிக்கொண்டு வாங்குவதும் இரண்டுமே தவறு.

ஐரோப்பிய ஒன்றியப் பெயர்களான டிஓபி, ஐஜிபி என்பவையும் சில லேபிளில் வரும். முதலாவது டிஓசி, டிஓசிஜி இரண்டையும் சேர்த்துக் குறிக்கும். இரண்டாவது ஐஜிடிக்குச் சமம். வேறு விசேஷம் இல்லை.

கிளாஸிகோ, சுப்பெரியோரே, ரிசெர்வா

கேட்டவுடன் பாராட்டு மாதிரி ஒலிக்கும் மூன்று சொற்கள். மூன்றும் தனித்தனிக் கேள்விக்குப் பதில்.

கிளாஸிகோ இடத்தைச் சொல்கிறது. ஒயின் பெயர் பெற்றவுடன் சுற்றியுள்ள ஊர்களெல்லாம் அதே பெயரைப் போட ஆரம்பிக்கும், எல்லை விரியும். அப்போது பழைய, மூல வட்டாரத்துக்காரர்கள் தங்களைப் பிரித்துக்காட்ட வைத்துக்கொண்ட அடையாளம் இது. கியாந்தியின் எல்லையை 1716-லேயே டஸ்கனியை ஆண்ட மூன்றாம் கோசிமோ தே மேதிசி அரசாணையால் வகுத்திருந்தார். 1932-இல் அதை ஏகத்துக்கு விரித்தபோது, பழைய நடுப்பகுதி 'கியாந்தி கிளாஸிகோ' ஆனது. கழுத்தில் கறுப்புச் சேவல் முத்திரை இருப்பது இதற்குத்தான். வெறும் கியாந்தியில் இருக்காது. சொவாவே கிளாஸிகோ, வால்பொலிசெல்லா கிளாஸிகோ இரண்டிலும் இதே பொருள்.

இங்கே ஒரு பொறி. 'மேதோதோ கிளாஸிகோ' என்று வந்தால் அது ஊரைப் பற்றியது இல்லை. ஷாம்பெயின் செய்வதுபோல, பாட்டிலுக்குள்ளேயே இரண்டாவது முறை நொதிக்கவைத்துக் குமிழி உண்டாக்கும் முறையின் பெயர் அது.

சுப்பெரியோரே என்றால் 'மேலானது'. பெரும்பாலும் இதன் பொருள் ஆல்கஹால் அரை சதவீதமோ ஒன்றோ கூட இருப்பது. சில இடங்களில் கூடுதல் மாதங்கள் பக்குவமும் சேரும். ஆல்கஹால் கூடுவதற்கு ஏன் இத்தனை மரியாதை என்றால், ஒரு காலத்தில் குளிர்ச்சியான மலைச்சரிவுகளில் திராட்சை முழுசாகப் பழுப்பதே பெரிய காரியமாக இருந்தது. நன்றாகப் பழுத்தால்தான் சர்க்கரை ஏறும், சர்க்கரை ஏறினால்தான் ஆல்கஹால். வெயில் கூடிப்போன இன்றைய ஆண்டுகளில் அந்த அரை சதவீதத்துக்குப் பழைய மதிப்பு இல்லை என்பது என் எண்ணம். புரொசெக்கோவில் இந்தச் சொல் ஊரைச் சொல்லும்: கொனெல்யானோ, வால்தொப்பியாதெனே, ஆஸொலோ குன்றுகளின் டிஓசிஜி புரொசெக்கோவுக்குத்தான் 'சுப்பெரியோரே' பட்டம்.

ரிசெர்வா காலத்தைச் சொல்கிறது. பல நாடுகளில் இது விளம்பரச் சொல். இத்தாலியில் சட்டச் சொல். பரோலோ விற்பனைக்கு வருமுன் 38 மாதம் பக்குவப்படவேண்டும், அதில் 18 மாதம் மரப்பீப்பாயில். பரோலோ ரிசெர்வா என்றால் 62 மாதம். கியாந்தி கிளாஸிகோ ரிசெர்வாவுக்கு 24 மாதம். அதற்கும் மேலே 'கிரான் செலெத்ஸியோனே' என்று 30 மாதப் படி ஒன்றைப் பின்னாளில் சேர்த்தார்கள். கூடுதல் காலம் என்பது கூடுதல் தரம் ஆகாது. திராட்சையில் சத்து இருந்தால் காலம் அதை விரிக்கும், இல்லாவிட்டால் வாட்டும். தக்காளிச் சாஸ் போட்ட பாஸ்தாவுக்கோ பீட்சாவுக்கோ ரிசெர்வா வாங்குவது வீண் செலவு என்பேன். அதே தயாரிப்பாளரின் சாதாரணப் பாட்டில் அங்கே நன்றாகவே பொருந்தும்.

இனிப்பும் குமிழியும்

தலைப்பில் கேட்ட கேள்விக்கு வருவோம். 'செக்கோ' என்றால் உலர்ந்தது. ஒயினில் 'உலர்ந்த' என்றால் சர்க்கரை எல்லாம் நொதித்து ஆல்கஹாலாகி, இனிப்பு மிச்சமில்லாதது. குமிழியில்லாத ஒயினில் செக்கோ என்று இருந்தால் லிட்டருக்குச் சுமார் 4 கிராமுக்குள்தான் சர்க்கரை. புளிப்பு அதிகம் உள்ள ஒயினுக்கு 9 வரை சலுகை உண்டு. அதற்கு அடுத்து, 12 கிராம்வரை 'அப்பொக்காதோ': இனிக்கிறதா இல்லையா என்று யோசிக்கவைக்கும். 45 வரை 'அமாபிலே': இனிப்பு தெளிவாகத் தெரியும். அதற்கு மேல் 'தோல்சே'.

குமிழியொயினில் இந்தக் கணக்கு கவிழ்ந்துவிடும். அங்கே 'புரூத்' என்றால் 12 கிராமுக்குள். 'எக்ஸ்ட்ரா டிரை' என்றால் 12 முதல் 17. ஆம், 'மிக உலர்ந்தது' என்று பெயர் வைத்ததுதான் புரூத்தைவிட இனிப்பு. 'டிரை' அல்லது 'செக்கோ' என்றால் 17 முதல் 32. ஆகக் குமிழி இல்லாத பாட்டிலில் இனிக்காத செக்கோ, குமிழிப் பாட்டிலில் நன்றாகவே இனிக்கும். பழைய காலத்தில் ஷாம்பெயின் பாயசம்போல் இனித்தது. அதோடு ஒப்பிட்டு வைத்த பெயர்கள் அப்படியே தங்கிவிட்டன. கடைகளில் கிடைக்கும் புரொசெக்கோவில் நிறைய எக்ஸ்ட்ரா டிரைதான். இனிப்பே வேண்டாம் என்பவர்கள் 'எக்ஸ்ட்ரா புரூத்' அல்லது 'தொஸாஜோ ஜேரோ' என்ற சொல்லைத் தேடவேண்டும்.

குமிழியின் வேகத்துக்கும் சொற்கள் உண்டு. 'ஸ்புமாந்தே' என்றால் பாட்டிலுக்குள் 3 பார் அழுத்தத்துக்குக் குறையாது. தக்கை சத்தத்தோடு பறக்கும். 'ஃபிரித்ஸாந்தே' 1 முதல் 2.5 பார், நாக்கில் லேசாகக் கிள்ளும், அவ்வளவுதான். லாம்புரூஸ்கோ பெரும்பாலும் இந்த வகை. குமிழியே இல்லாதது 'ஃபேர்மோ', அசையாமல் நிற்பது. செய்முறையில், புரொசெக்கோ பெரிய எஃகுத் தொட்டியில் குமிழேறுகிறது. ஆஸ்தியில் ஃபெதெரிகோ மர்தினோத்தி 1895-இல் உருவாக்கிய முறை இது. பின்னால் மேம்படுத்திய பிரெஞ்சுக்காரர் ஷார்மாவின் பெயர்தான் உலகில் நிலைத்தது. இத்தாலியர்கள் விட்டுக்கொடுக்காமல் 'மர்தினோத்தி முறை' என்றே சொல்வார்கள். ஃபிராஞ்சாகோர்தா, திரெந்தோ என்ற குமிழியொயின்கள் முன்னே சொன்ன மேதோதோ கிளாஸிகோ.

காயவைத்த திராட்சை

வெரோனா நகரத்துக்கு வடக்கே வால்பொலிசெல்லா. இங்கே ஒரே திராட்சைகளிலிருந்து, முக்கியமாகக் கொர்வீனாவிலிருந்து, நான்கு விதமான சிவப்பு ஒயின் எடுக்கிறார்கள். நான்குக்கும் நடுவிலிருக்கும் சொல் 'அப்பஸ்ஸிமெந்தோ', அதாவது திராட்சையைப் பறித்தபின் வாடவைப்பது. காற்றோட்டமான மாடங்களில் மூங்கில் தட்டுகளிலோ பெட்டிகளிலோ பரப்பி, மூன்று நான்கு மாதம் விட்டுவிடுவார்கள். எடையில் மூன்றில் ஒரு பங்குக்குமேல் தண்ணீராகப் போய்விடும். சர்க்கரையும் சாறும் சுண்டும். இப்படிச் செய்த இனிப்பு ஒயினுக்குப் பொதுப்பெயர் 'பஸ்ஸீதோ'.

வாடாத புதிய திராட்சையில் செய்தால் அது சாதாரண வால்பொலிசெல்லா, இலகுவானது. வாடிய திராட்சையில் செய்து, சர்க்கரை முழுவதும் நொதிக்குமுன் நிறுத்தினால் ரெச்சோத்தோ, இனிப்பு. 'ரேச்சா' என்றால் வெரோனா வட்டார வழக்கில் காது. குலையின் மேல்பக்கத்தில் காதுபோல் நீண்டிருக்கும், வெயில் அதிகம் பட்ட பகுதியைப் பொறுக்கியெடுத்த வழக்கத்தால் வந்த பெயர். ரெச்சோத்தோவை நிறுத்தாமல் கடைசிவரை நொதிக்கவிட்டால் இனிப்பு போய் ஆல்கஹால் ஏறிவிடும். 1936-இல் நெக்ரார் ஊர்க் கூட்டுறவு ஆலையில் இப்படி மறந்துபோன ஒரு பீப்பாயைச் சுவைத்துப் பார்த்தவர், இது வெறும் 'அமாரோ' (கசப்பு) இல்லை, 'அமரோனே' என்றாராம். 'ஓனே' என்ற விகுதி பெரியது என்று காட்டும்: பெருங்கசப்பு. கதை எவ்வளவு நிஜமோ, அமரோனே இன்று இத்தாலியின் விலை உயர்ந்த ஒயின்களில் ஒன்று. பெயரில்தான் கசப்பு, குடிக்கும்போது உலர்ந்த அத்தி, கொடிமுந்திரி மணத்தோடு, 15 சதவீதத்தைத் தொடும் ஆல்கஹாலோடு, நாக்கில் இனிப்பு போலவே படும். வடமேற்கு மாநிலமான பியெமோந்தேயின் 'தொல்செத்தோ'வுக்கு நேர்மாறு: பெயர் 'குட்டி இனிப்பு', ஒயினோ உலர்ந்த சிவப்பு.

நான்காவது 'ரிபாஸ்ஸோ'. அமரோனே பிழிந்தபின் மிஞ்சும் தோல் சக்கையின் மேல் சாதாரண வால்பொலிசெல்லாவை ஊற்றி மறுபடி நொதிக்கவிடுவார்கள். சக்கையில் மிஞ்சிய சர்க்கரையும் நிறமும் அதில் இறங்கும். அமரோனேக்குப் பணம் போதாதவர்கள் வாங்கும் பாட்டில் இதுதான். நான் இதை மட்டமாகச் சொல்லவில்லை.

நாக்கின் சொற்கள்

லேபிளின் பின்பக்கத்திலும் உணவக மெனுவிலும்தான் சுவைச் சொற்கள் வரும். 'தன்னிகோ' என்பதை விளக்க ஆங்கிலத்தில் ஒரு பத்தி வேண்டும். நமக்கு 'துவர்ப்பு' போதும். நெப்பியோலோவில் அது தூக்கலாக இருக்கும். 'ஃபிரெஸ்கோ' என்றால் சில்லென்று பரிமாறியது என்று நினைக்கவேண்டாம். நல்ல புளிப்பு, வாயூறவைக்கும் தன்மை. 'சாபிதோ' உப்பின் சாயல் உள்ளது. கடலோர வெர்மெந்தீனோ வெள்ளை ஒயினுக்கும் எரிமலை மண் ஒயின்களுக்கும் அடிக்கடி சொல்வார்கள். 'கொர்போஸோ' வாயை நிறைக்கும் கனம். 'மோர்பிதோ' முனை மழுங்கிய மென்மை. துவர்ப்பும் புளிப்பும் துருத்தாதது. யாராவது முகத்தைச் சுளித்து 'ஸா தி தாப்போ' என்றால் தக்கை வாடை அடிக்கிறது என்று பொருள். பாட்டிலைத் திருப்பி அனுப்பலாம், யாரும் தவறாக எடுத்துக்கொள்ளமாட்டார்கள்.

நிறத்துக்கு பியாங்கோ, ரோஸ்ஸோ, ரொஸாதோ: வெள்ளை, சிவப்பு, இளஞ்சிவப்பு. 'செராசுவோலோ' மட்டும் இடத்துக்கு இடம் மாறும். செர்ரிப் பழ நிறம் என்று பொருள். செராசுவோலோ தப்ரூத்ஸோ அடர்ந்த ரொஸாதோ; சிசிலியின் செராசுவோலோ தி வித்தோரியா முழுச் சிவப்பு.

சாதாரண உணவகத்தில் இத்தனையும் தேவைப்படாது. 'வீனோ தெல்லா காஸா' என்றால் அந்தக் கடையின் வழக்கமான ஒயின். பல இடங்களில் பாட்டிலில் அடைக்காமல் 'ஸ்ஃபூஸோ'வாகக் கூஜாவில் வரும். ஒரு கிண்ணம் வேண்டுமென்றால் 'காலிசே', கால் லிட்டர் என்றால் 'குவார்தீனோ'. வெனிஸில் மட்டும் ஒரு சின்னக் கிண்ணத்துக்கு 'ஓம்பிரா', நிழல், என்பார்கள். சான் மார்க்கோ மணிக்கூண்டின் நிழல் நகர நகர, வியாபாரிகளும் தள்ளுவண்டியை அதனோடு நகர்த்திக்கொண்டு ஒயின் விற்றதால் வந்தது என்று வெனிஸ்காரர்கள் காரணம் சொல்வார்கள்.

ஒரு லேபிளைப் பிரித்துப் பார்த்தால்

'வால்பொலிசெல்லா ரிபாஸ்ஸோ கிளாஸிகோ சுப்பெரியோரே டிஓசி 2019' என்று ஒரு பாட்டில். வால்பொலிசெல்லா இடம்; திராட்சை பெரும்பாலும் கொர்வீனா வகைகள் என்று நாமே ஊகிக்கவேண்டும். ரிபாஸ்ஸோ முறை. கிளாஸிகோ மறுபடி இடம், விரிவதற்கு முந்தைய ஐந்து ஊர்களின் பகுதி. சுப்பெரியோரே ஆல்கஹால். டிஓசி சட்டம். 2019 திராட்சை பறித்த ஆண்டு. இதை 'அன்னாதா' என்பார்கள், பாட்டிலில் அடைத்த ஆண்டு வேறாக இருக்கும். ஆறு சொற்களில் சுவையைப் பற்றி ஒன்றுகூட இல்லை. ஆனால் ரிபாஸ்ஸோ என்ற ஒரு சொல்லை வைத்தே கனமான, உலர்பழ மணமுள்ள, இனிப்பில்லாத சிவப்பு என்று எதிர்பார்க்கலாம்.

மிச்சம் இருப்பது தயாரிப்பாளரின் பெயர். 'அத்ஸியெந்தா அக்ரீகொலா' என்றால் சொந்தத் தோட்டத் திராட்சையில் செய்பவர். 'காந்தீனா ஸோசாலே' விவசாயிகளின் கூட்டுறவு. தெனூதா, ஃபத்தோரியா, பொதேரே, பியெமோந்தேயில் காஷீனா, தெற்கே மஸ்ஸெரியா: எல்லாம் பண்ணைதான், வட்டார வழக்கு மாறுகிறது. 'கஸ்தெல்லோ' என்றால் கோட்டை; கோட்டையைப் படமாகப் போட்டதற்காக நாலு யூரோ கூடக் கொடுக்காதீர்கள். பின்பக்கம் 'இம்பொத்தில்யாதோ அல்லோரீஜினே' என்றிருந்தால் திராட்சை விளைத்தவர்களே ஒயினைச் செய்து பாட்டிலிலும் அடைத்தது. வெறும் 'இம்பொத்தில்யாதோ தா' என்றிருந்தால் அதற்குப் பின்னால் வரும் பெயர் பாட்டிலில் அடைத்தவருடையது மட்டுமே. ஒயினை எங்கிருந்து வேண்டுமானாலும் வாங்கியிருக்கலாம். முன்பக்கத்துத் தங்க எழுத்துகளைவிட இந்தப் பொடி எழுத்தைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.